நழுவ முடியாத வினா: மக்கள் பிரதிநிதிகளும் அவர்களுக்கு உதவுவோரும் எழுத்துமூல வினாவைக் கையாளும் முறை

பாராளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும் அந்தப் பேச்சுக்கு அமைச்சர் மறுமொழி சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை. விவாதத்தை முடித்துவைக்கும்போது ஒரு வரியில் தொட்டுவிட்டுப் போகலாம், தொடாமலும் போகலாம். முறைப்படி அறிவித்தல் கொடுக்கப்பட்ட வினா அப்படியல்ல. அது ஒழுங்குப் பத்திரத்தில் இலக்கமிடப்பட்டு ஏறுகிறது; அமைச்சுக்குப் போகிறது; அங்கிருந்து திணைக்களத்துக்கும், திணைக்களத்திலிருந்து மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ உள்ள அதன் காரியாலயத்துக்கும் இறங்கி, தரவுகளோடு மறுபடி மேலே ஏறுகிறது. கடைசியில் அமைச்சரின் பெயரால் தரப்படும் விடை, பாராளுமன்ற நடவடிக்கைகளின் அதிகாரபூர்வப் பதிவான ஹன்சாட்டில் அச்சேறி, பத்து வருடத்துக்குப் பிறகும் எடுத்துக் காட்டக்கூடிய சான்றாக நிலைக்கிறது.

பாராளுமன்றத்தின் 225 ஆசனங்களில் மட்டக்களப்பு மாவட்டம் ஐந்து பேரையும் திகாமடுல்ல (அம்பாறை) மாவட்டம் ஏழு பேரையும் தெரிந்து அனுப்புகின்றன. பேசுவதற்கு நிமிடக் கணக்கில் நேரம் கிடைக்கும் ஒரு சிறிய குழுவுக்கு, வினா என்பது நேரக் கட்டுப்பாட்டை மீறி நிற்கும் கருவி. இந்தக் குறிப்பு உறுப்பினர்களுக்காக மட்டும் எழுதப்படவில்லை. அவர்களின் அலுவலகங்களில் வேலை செய்யும் இளைஞர்கள், விவசாய அமைப்புகள், மீனவர் சங்கங்கள், பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் ஆகியோரும் ஒரு நல்ல வினாவை வரைந்து தம் பிரதிநிதியின் கையில் கொடுக்கலாம். அப்படிக் கொடுக்கப்படும் வினா, “எங்கள் ஊரைக் கவனியுங்கள்” என்று எழுதிய பத்து மகஜர்களைவிடப் பயன் தரும்.

வினா எதிர்க்கட்சிக்கு மட்டும் உரிய ஆயுதம் என்று எண்ணுவது தவறு. 1957 இல் இந்திய மக்களவையில், ஆயுள் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனங்களில் பங்குகளை வாங்கியதா என்று வினா எழுப்பியவர்கள் ஆளுங்கட்சி உறுப்பினர்களே. கிடைத்த விடை மழுப்பலாக இருந்தது. ஆளுங்கட்சி உறுப்பினரான பெரோஸ் காந்தி அதை விடாமல் பின்தொடர்ந்தார். விசாரணை ஆணைக்குழு அமைந்தது. 1958 பெப்ரவரியில் நிதியமைச்சர் ரி. ரி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். ஆகவே மாவட்டத்திலிருந்து தெரிவான ஓர் உறுப்பினர் அரசாங்கத் தரப்பில் இருக்கிறார் என்பதற்காக அவரிடம் வினாவைக் கொண்டுபோகாமல் விடவேண்டியதில்லை.

யாரிடம் கேட்பது என்பதே முதல் வேலை

நம் மாவட்டங்களிலிருந்து செல்லும் வினாக்களில் பல, கேட்கப்பட்ட விடயம் பிழையாக இருந்ததால் அல்ல, கேட்கப்பட்ட ஆள் பிழையாக இருந்ததால் வீணாகின்றன. “இது எனது அமைச்சின் விடயதானத்துக்கு உட்பட்டதல்ல” என்ற ஒரு வரியோடு மாதக்கணக்கான காத்திருப்பு முடிந்துபோகும். எனவே எழுதத் தொடங்குமுன், அமைச்சர்களுக்குத் திணைக்களங்களையும் நியதிச்சட்ட நிறுவனங்களையும் பகிர்ந்தளிக்கும் அதிவிசேட வர்த்தமானியை எடுத்துப் பார்க்க வேண்டும். அரசாங்கம் மாறும்போது மட்டுமல்ல, அமைச்சரவை மாற்றியமைக்கப்படும்போதும் இந்தப் பகிர்வு மாறும் என்பதால், சென்ற வருடத்து நினைவை நம்பக்கூடாது.

அம்பாறைக் கரையோரத்து ஒலுவிலை எடுத்துக்கொள்ளுங்கள். 2013 செப்ரெம்பரில் திறக்கப்பட்ட துறைமுகத்தின் வாயிலை மணல் அடைத்ததும், வடக்கே கடலரிப்புத் தொடர்ந்ததும், நிந்தவூர்க் கரை வரை மக்கள் காணியும் தென்னையும் இழந்ததும் கரையோரத்தில் எல்லோரும் அறிந்த கதை. ஊருக்கு அது ஒரே துன்பம். அரசாங்கத்துக்கோ அது பல கோவைகள். துறைமுகத்தைக் கட்டியதும் காணிகளை எடுத்ததும் இலங்கைத் துறைமுக அதிகார சபை. மீன்பிடிப் பகுதியின் நிருவாகம் மீன்பிடித் துறைமுகங்களுக்குப் பொறுப்பான கூட்டுத்தாபனத்தின் விடயம். அரிப்பைத் தடுக்கும் கல்லணை கரையோரம் பேணல் திணைக்களத்தின் பொறுப்பு. “ஒலுவில் பிரச்சினைக்கு எப்போது தீர்வு?” என்று ஒரே வினாவாகக் கேட்டால் ஒவ்வோர் அமைச்சரும் மற்றவரைக் கைகாட்டுவார். நட்டஈடு பெற்றோர், பெறாதோர் விபரத்தைத் துறைமுகங்களுக்குப் பொறுப்பான அமைச்சரிடமும், மணல் அகழ்வுக்கான செலவை மீன்பிடி அமைச்சரிடமும், கல்லணையின் நீளத்தையும் கட்டிய ஆண்டையும் கரையோரத் திணைக்களத்துக்குப் பொறுப்பானவரிடமும் தனித்தனி வினாவாகக் கேட்டு, மூன்று விடைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் எந்த இடத்தில் யாரும் பொறுப்பேற்கவில்லை என்பது வெளிச்சமாகும்.

இதைவிடச் சிக்கலானது மாகாண சபைக்குரிய விடயம். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ் உள்ளது. கிராமத்துப் பிரதேச வைத்தியசாலை மாகாணத்துக்குரியது. தேசிய பாடசாலை கல்வி அமைச்சருடையது. அதே தெருவில் உள்ள மற்றப் பாடசாலை மாகாணக் கல்வித் திணைக்களத்துடையது. கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் ஊடாகச் செல்லும் ஏ-4 வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் இருக்க, அதிலிருந்து வயலுக்குப் பிரியும் பாதை மாகாணத்தினதாகவோ பிரதேச சபையினதாகவோ இருக்கலாம். கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்ரெம்பரில் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் நடத்தப்படவில்லை. 37 உறுப்பினர்கள் இருந்து வினாக் கேட்ட சபை இல்லாமற்போய், ஆளுநரும் அதிகாரிகளும் மட்டுமே எஞ்சியிருக்கும் நிலையில், கிராம வைத்தியசாலையில் வைத்தியர் இல்லை என்பதை எந்தச் சபையில் கேட்பது? கிழக்கின் ஜனநாயகத்தில் உள்ள மிகப் பெரிய ஓட்டை இதுவென்றே நான் கருதுகிறேன்.

பாராளுமன்றத்தில் கேட்டால் “மாகாண சபைக்குரிய விடயம்” என்ற விடை வரும் என்பது தெரிந்ததே. ஆனால் மாகாணத்துக்குப் போகும் பணத்தின் பெரும்பகுதி பாராளுமன்றம் அங்கீகரிக்கும் ஒதுக்கீட்டிலிருந்தே போகிறது. நிதி ஆணைக்குழுவின் சிபாரிசின் பேரில் கிழக்கு மாகாணத்துக்கு ஒதுக்கப்பட்ட மூலதன நன்கொடை எவ்வளவு, அதில் உண்மையில் விடுவிக்கப்பட்டது எவ்வளவு, எந்தத் திகதிகளில் என்று மாகாண சபைகளுக்குப் பொறுப்பான அமைச்சரிடம் கேட்டால் அது மத்திய அரசாங்கத்தின் செயல் பற்றிய வினாவாகிவிடும். அரசாங்க நிதியின் மீதான முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கு உண்டு என்று அரசியலமைப்பின் 148 ஆம் உறுப்புரை சொல்வதால், பணத்தைப் பற்றிய வினாவிலிருந்து எந்த அமைச்சரும் இலகுவில் விலகிக்கொள்ள முடியாது.

பாதி விடை கையில் இருக்க வேண்டும்

நல்ல வினா அறியாமையிலிருந்து பிறப்பதில்லை. விபரத்தில் ஒரு பகுதியாவது முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் கிடைக்கும் விடை முழுமையானதா, குறைத்துச் சொல்லப்பட்டதா என்று மதிப்பிட முடியும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இதற்கென்றே வந்ததுபோல் இருக்கிறது. எந்தப் பிரசையும் பிரதேச செயலகத்திலோ திணைக்களத்தின் மாவட்டக் காரியாலயத்திலோ விண்ணப்பம் கொடுக்கலாம்; தகவலைத் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்து அறிவிக்க வேண்டும்; மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பின்னர் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். விண்ணப்பதாரர் ஏன் கேட்கிறார் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. மாகாணத் திணைக்களங்களும் உள்ளூராட்சி மன்றங்களும் இந்தச் சட்டத்துக்கு உட்பட்டவை என்பதால், மாகாண சபை இல்லாத வெற்றிடத்தில் இதன் பெறுமதி இன்னும் கூடுகிறது.

ஒப்பந்தத்தின் பிரதி, முடிவுற்ற வேலைக்கான சான்றிதழ், மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தின் அறிக்கை, கமநல சேவை நிலையத்தின் பதிவேடு, கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கையில் வரும் ஒரு பந்தி என இவற்றில் ஏதாவது ஒன்று கையில் இருந்தால் போதும். வினாவை வரையலாம்.

வரைவது எப்படி

வினாவில் வாதம், கருத்து, குற்றச்சாட்டு, அடைமொழி, கிண்டல் ஆகியவை இடம்பெறுவதைப் பாராளுமன்றத்தின் நடைமுறை விதிகளான நிலையியற் கட்டளைகள் அனுமதிப்பதில்லை. நீதிமன்றத்தின் முன் உள்ள விடயத்தைக் கேட்பதிலும் தடை உண்டு. இந்தத் தடைகளை நொந்துகொள்பவர்கள் பலர். ஆனால் அவை வினாவைக் கூர்மையாக்கவே உதவுகின்றன. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் யானைப் பிரச்சினை பற்றிப் பொதுவாக எழுதப்படும் ஒரு வரைவு இப்படி இருக்கும்:

“படுவான்கரை மக்கள் பல வருடங்களாகக் காட்டு யானைகளின் அட்டகாசத்தால் உயிரையும் உடைமையையும் இழந்து வருவதை அமைச்சர் அறிவாரா? அசமந்தமாக இருக்கும் அதிகாரிகளுக்கு எதிராக எப்போது நடவடிக்கை எடுக்கப்படும்?”

ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆயினும் இதற்கு “அறிவேன். தேவையான நடவடிக்கைகள் எடுக்கப்பட்டு வருகின்றன” என்று விடையளித்துவிட்டு அமைச்சர் அமர்ந்துவிடலாம். அந்த இரு வாக்கியங்களும் பொய்யாக இராது. அவற்றால் எவருக்கும் பயனும் இராது. அதே துயரத்தைப் பாராளுமன்ற வழக்கத்திலுள்ள வடிவத்தில் இவ்வாறு எழுதலாம்:

வனசீவராசிகள் விடயத்துக்குப் பொறுப்பான அமைச்சரைக் கேட்பதற்கு,

(அ) (i) 2020 முதல் 2024 வரையான ஒவ்வோர் ஆண்டிலும் போரதீவுப்பற்று, மண்முனை மேற்கு ஆகிய பிரதேச செயலாளர் பிரிவுகளில் அமைக்கத் திட்டமிடப்பட்ட யானை வேலியின் நீளமும், அமைத்து முடிக்கப்பட்ட நீளமும் தனித்தனியே எவ்வளவு என்பதையும்;

(ii) அவ்வேலியில் இன்றளவில் மின் பாயும் நிலையிலுள்ள நீளம் எவ்வளவு என்பதையும், ஏனைய பகுதிகள் அமைந்துள்ள கிராம உத்தியோகத்தர் பிரிவுகள் யாவை என்பதையும்;

(iii) அதன் பராமரிப்புக்கென மேற்படி ஒவ்வோர் ஆண்டிலும் ஒதுக்கப்பட்ட தொகையும் செலவிடப்பட்ட தொகையும் தனித்தனியே எவ்வளவு என்பதையும்;

(iv) செயலிழந்த பகுதிகளைத் திருத்தி முடிக்கும் திகதி யாது என்பதையும்

அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா?

(ஆ) இன்றேல், ஏன்?

இதில் யாரையும் குறை சொல்லும் ஒரு சொல்கூட இல்லை. ஆனால் “இன்றளவில் மின் பாயும் நிலையில்” என்ற தொடர் இல்லாவிட்டால், கம்பி அறுந்து, தூண் சாய்ந்து கிடக்கும் வேலியும் அமைக்கப்பட்ட வேலியின் கணக்கில் சேர்ந்துவிடும். ஒதுக்கிய தொகையையும் செலவிட்ட தொகையையும் பிரித்துக் கேட்காவிட்டால் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்த தொகை மட்டும் விடையாக வரும். பிரிவுகளைப் பெயர் சொல்லிக் குறிக்காவிட்டால் முழு இலங்கைக்குமான கிலோமீற்றர் கணக்கைப் படித்துவிடுவார்கள். “திகதி யாது” என்று கேட்டதற்கு “விரைவில்” என்று சொன்னால், விடை தரப்படவில்லை என்பது வாசிப்பவர் எவருக்கும் விளங்கும். கடைசியில் வரும் “இன்றேல், ஏன்?” வெறும் சம்பிரதாயமல்ல, விபரம் தர மறுத்தால் மறுப்பதற்கான காரணத்தையாவது பதிவுசெய்ய வேண்டிய நிலையை அது உண்டாக்குகிறது.

நீதிமன்றத்தில் உள்ள விடயம் என்றால் முற்றாக ஒதுங்கிவிட வேண்டும் என்றில்லை. மட்டக்களப்பு மாவட்டத்தின் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரை தொடர்பில் பண்ணையாளர்கள் 2023 செப்ரெம்பரில் சித்தாண்டியில் தொடங்கிய போராட்டத்தை நாடே கண்டது. அந்த விடயம் நீதிமன்றத்துக்கும் சென்றது. காணி யாருடையது என்று வினாவில் கேட்டால் அது நிராகரிக்கப்படலாம். அந்தப் பகுதிக்கான நில அளவை வரைபடம் உள்ளதா, அதன் இலக்கமும் ஆண்டும் என்ன, மகாவலி அதிகார சபை அங்கு வழங்கிய அனுமதிப்பத்திரங்கள் எத்தனை என்பவை தீர்ப்புக்குரிய கேள்விகள் அல்ல. பதிவேட்டைப் பார்த்துச் சொல்லக்கூடிய விபரங்கள். அப்படிப்பட்ட வினாவைச் சபாநாயகர் ஏற்பாரா என்பது அவரது முடிவு. ஆனால் ஏற்கத்தக்க வடிவில் கொடுப்பது நம் கையில் உள்ளது.

வாய்மூலமா, எழுத்துமூலமா?

வாய்மூல விடை கேட்டால் சபையில் எழுந்து மேலதிக வினாக்களைத் தொடுக்கலாம். ஊடகங்களின் கவனமும் கிடைக்கும். பொறுப்பை ஏற்கச் செய்ய வேண்டிய, ஆம் அல்லது இல்லை என்று முடியும் விடயங்களுக்கு அது ஏற்றது. பல ஆண்டு, பல பிரிவு, பல தொகை என்று அட்டவணையாக வரவேண்டிய விபரத்தை எழுத்துமூலம் கேட்பதே நல்லது, ஏனெனில் சபையில் அதை வாசிக்க யாருக்கும் பொறுமை இராது. வெள்ளம், திடீர் நோய்ப் பரவல் போன்ற அவசர விடயம் என்றால், கட்சித் தலைவர்கள் நிலையியற் கட்டளை 27(2) இன் கீழ் கேட்கும் வழி இருக்கிறது. அதற்குக் கட்சித் தலைமையை முதலில் இணங்கவைக்க வேண்டும்.

விடையை வாசிப்பது ஒரு தனிக் கலை

விடை வந்தவுடன் ஒரு தாளில் இடப்பக்கம் வினாவின் உறுப்புகளையும் வலப்பக்கம் விடையின் உறுப்புகளையும் எழுதிப் பாருங்கள். நான்கு உறுப்புகளில் இரண்டுக்கே விடை வந்திருக்கலாம். 2020 முதல் என்று கேட்டதற்கு 2022 முதல் தரப்பட்டிருக்கலாம். இரண்டு பிரிவுகளைக் கேட்டதற்கு மாவட்டத்துக்கான மொத்தம் வந்திருக்கலாம். “திட்டமிடப்பட்டுள்ளது”, “கவனம் செலுத்தப்பட்டுள்ளது”, “மதிப்பீடு தயாரிக்கப்பட்டு வருகிறது” என்று எழுவாய் இல்லாமல் வரும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அருகில் “யாரால்? எப்போது?” என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வினா அந்தக் குறிப்புகளிலிருந்தே பிறக்கும். இணைப்பைச் சபாபீடத்தில் வைப்பதாக அமைச்சர் சொல்லியிருந்தால் அதன் பிரதியை உறுப்பினரின் அலுவலகம் அன்றே பெற்றுக்கொள்ள வேண்டும்; முக்கியமான இலக்கங்கள் பெரும்பாலும் அங்குதான் இருக்கும்.

உண்மையைச் சொல்லாமல் பொய்யும் சொல்லாமல் விடையளிக்கும் வித்தை எல்லா நாடுகளிலும் உண்டு. பிரித்தானியாவில் ஈராக்குக்கு ஆயுத ஏற்றுமதி செய்வது தொடர்பான வழிகாட்டல்கள் 1988 இன் இறுதியில் அமைச்சர்களால் தளர்த்தப்பட்டிருந்தும், அந்த மாற்றத்தை மறைக்கும் விதத்தில் பாராளுமன்ற வினாக்களுக்கு விடைகள் தரப்பட்டன. நீதிபதி ஸ்கொட் 1996 பெப்ரவரியில் வெளியிட்ட அறிக்கை அந்த விடைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தது. பழைய வினாக்களும் விடைகளும் திகதியோடு அச்சில் இருந்ததால் அல்லவா அந்த ஆராய்வு சாத்தியமாயிற்று! மழுப்பலான விடைகூட ஒரு சான்றுதான், அதை எறிந்துவிடக்கூடாது.

“விடையளிக்க இரண்டு வார கால அவகாசம் கோருகிறேன்” என்பது நம் பாராளுமன்றத்தில் அடிக்கடி கேட்கும் வாசகம். முதல் தடவை அது நியாயமாகவும் இருக்கலாம். வெல்லாவெளியில் எடுக்க வேண்டிய கணக்குக் கொழும்புக்கு வர நாட்கள் எடுக்கும். மறுபடி மறுபடி அவகாசம் கேட்கப்பட்டால், ஒவ்வொரு திகதியையும் குறித்துவைத்து, சபாநாயகரின் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும். பாராளுமன்றம் கலைக்கப்பட்டால் காத்திருக்கும் வினாக்கள் யாவும் அத்தோடு முடிந்துவிடும். புதிய பாராளுமன்றத்தில் மீண்டும் அறிவித்தல் கொடுக்க வேண்டும். அலுவலகத்தில் ஒரு பதிவேடு இல்லாவிட்டால் இந்த மறு அறிவித்தல் ஒருபோதும் நடக்காது. உறுப்பினர் மாறினாலும் ஊரின் சங்கத்திடம் பதிவேடு இருந்தால், புதியவரிடம் அதே வினாவை மறுநாளே கையளிக்கலாம்.

விடைக்குப் பிறகு

விடை கிடைத்ததோடு வேலை முடிந்ததாக எண்ணுவதே நான் காணும் பெரிய குறை. செலவிடப்படாத நிதி பற்றிய விடை கிடைத்தால் அதை வரவுசெலவுத் திட்டக் குழுநிலை விவாதத்தில், அந்த அமைச்சின் தலைப்பு எடுக்கப்படும் நாளில், ஹன்சாட்டின் திகதியைச் சொல்லி எடுத்துக்காட்ட வேண்டும். கூட்டுத்தாபனம் ஒன்றின் கணக்கு ஐயத்துக்கிடமானால், அரச நிறுவனங்களின் கணக்கை ஆராயும் பாராளுமன்றக் குழுவான கோப் குழுவுக்கும், திணைக்களம் அல்லது மாகாண நிருவாகம் என்றால் அரசாங்கக் கணக்குக் குழுவுக்கும் எழுதலாம். அங்கே அதிகாரிகளை நேரில் அழைத்துக் கேட்க முடியும். வினா கதவைத் தட்டுவது என்றால் குழு விசாரணை உள்ளே போய் அலுமாரியைத் திறந்து பார்ப்பது.

அதேவேளை விடையின் தமிழ்ப் பிரதி ஊருக்குத் திரும்ப வேண்டும். அமைச்சர் சிங்களத்தில் விடையளித்தால் ஹன்சாட்டிலும் அது சிங்களத்திலேயே இருக்கும். சங்கத்தின் செயலாளர் அதை வாசிக்க இயலாமல் மடித்து வைத்துவிட்டால் இத்தனை முயற்சியும் கொழும்பிலேயே தங்கிவிடும். உறுப்பினரின் அலுவலகம் ஒரு பக்க மொழிபெயர்ப்பைத் தயாரித்து, வினாவைக் கொடுத்த அமைப்புக்கும், சம்பந்தப்பட்ட பிரதேச செயலகத்துக்கும், உள்ளூர்ச் செய்தியாளர்களுக்கும் அனுப்பிவைக்க வேண்டும். வேலி திருத்தி முடிக்கப்பட்டதாக அமைச்சர் சொன்ன கிராம உத்தியோகத்தர் பிரிவுக்கு அமைப்பின் இருவர் போய், கம்பியில் மின் பாய்கிறதா என்று அங்குள்ளவர்களிடம் விசாரித்து, திகதி தெரியும்படி படம் எடுத்து அனுப்பினால், அடுத்த வினாவின் முதல் வரி தயாராகிவிடும்: “இன்ன திகதியில் இச்சபைக்கு அளிக்கப்பட்ட விடையில் திருத்தி முடிக்கப்பட்டதாகக் கூறப்பட்ட வேலி, இன்று செயற்படாத நிலையில் உள்ளது என்பதை அவர் அறிவாரா?”